பழைய பயிற்சியாளர் விட்டுப்போன வேலையைப் பார்த்து, அடுத்தவரைத் தேடுங்கள்

தேசிய கால்பந்து அணியின் பயிற்சியாளர் விலகிய அன்றே அடுத்தவர் யார் என்று பெயர்கள் பறக்க ஆரம்பித்துவிடும். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். போனவர் எதைச் சரிசெய்தார், எதை அப்படியே விட்டுவிட்டுப் போனார் என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

கோப்பையை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும். கேரத் சவுத்கேட் 2016 முதல் 2024 வரை இங்கிலாந்துக்கு 102 ஆட்டங்கள் பொறுப்பில் இருந்தார், கோப்பை ஒன்றும் இல்லை. ஆனால் 1990, 1998, 2006 என்று உலகக் கோப்பையில் பெனால்டி ஷூட் அவுட் (ஆட்டம் சமனாக முடிந்தால் மாறி மாறிப் பெனால்டி அடித்து வெற்றியை முடிவுசெய்வது) வந்தாலே தோற்றுக்கொண்டிருந்த அணி, 2018-இல் கொலம்பியாவை அதே ஷூட் அவுட்டில் வென்றது. யூரோ எனப்படும் ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில் இரண்டு இறுதிப் போட்டிகளுக்கும் போனது. இது பெரிய சொத்து, அடுத்து வருபவர் இதைக் கலைக்கக் கூடாது.

அப்புறம் குறை. இதற்குத் தோற்ற ஆட்டங்களை உட்கார்ந்து மறுபடி பார்க்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. 2018 அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக 5-ஆவது நிமிடத்தில் முன்னிலை, 68-இல் சமன். 2021 யூரோ இறுதியில் இத்தாலிக்கு எதிராக 2-ஆவது நிமிடத்தில் லூக் ஷா கோல், 67-இல் பொனுச்சி சமன். இரண்டிலும் அணி மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய்த் தன் கோலுக்கு முன்னாலேயே நின்றுகொண்டது. இத்தாலி ஆட்டத்தில் கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் பெனால்டிக்காகவே இறக்கப்பட்ட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ இருவருமே தவறவிட்டதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

சரி, இப்போது ஆளைத் தேடலாம். முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தைக் கையில் வைத்திருக்கவும், சரியான நேரத்தில் ஆள் மாற்றவும் தெரிந்தவர் வேண்டும். 2021-இல் செல்சி கிளப்போடு ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் வென்ற தாமஸ் துகெலை இங்கிலாந்து எடுத்தது இந்தக் கணக்கில் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் கிளப்பில் வீரர்கள் தினமும் கையில் இருப்பார்கள், தேசிய அணிக்கு வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான். அதனால் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்கில் அவகாசம் கேட்கிற பாணி உள்ளவரை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், நான் தவிர்ப்பேன்.

உள்ளேயே இருப்பவரைப் போட்டால் போதும் என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். ஸ்பெயினில் லூயிஸ் தெ லா ஃபுவெந்தே 19 வயதுக்குட்பட்டோர், 21 வயதுக்குட்பட்டோர் அணிகளோடு ஐரோப்பியப் பட்டம் வென்று, மேலே வந்து யூரோ 2024-ஐயும் வென்றார். ஜெர்மனியில் முன்பு பயிற்சியாளராக இருந்த லோவின் உதவியாளராக எட்டு வருடம் இருந்த ஃப்ளிக், பிறகு தானே பயிற்சியாளராகி, 2022 உலகக் கோப்பையில் முதல் சுற்றைத் தாண்டவில்லை, மறு வருடம் ஜப்பானிடம் 1-4 என்று தோற்றதும் நீக்கப்பட்டார். தெ லா ஃபுவெந்தேவுக்குத் தன் கையில் வளர்ந்த பையன்கள் இருந்தார்கள், ஃப்ளிக்குக்குக் கிடைத்தது 2018-லேயே தடுமாறத் தொடங்கிய அணி.

இன்னொன்று, பதவி காலியாவதற்கு முன்பே இரண்டு பெயராவது கையில் இருக்கட்டும். 2018 உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள் ஸ்பெயின் தன் பயிற்சியாளர் லோபெதேகியை நீக்கியது. அவசரத்தில் பொறுப்பேற்ற ஹியேரோவுக்கு முதல் ஆட்டத்துக்கு முன் கிடைத்தது இரண்டே நாள்.