ஆடியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: கோல்ஃப், கொடைக்கானல், ஒரு விடுதலைப் பத்திரம்

டெக்சாஸில் மே கடைசியிலேயே பள்ளிக்கூடம் மூடிவிடுகிறது. ஆனால் ஆபீஸ் லீவு, டிக்கெட் விலை எல்லாம் ஒத்து வந்து நாம் கோயம்புத்தூரில் இறங்க ஜூலை நடுவாகிவிடும். அங்கே அப்போது ஆடி பிறந்திருக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, எந்த விசேஷமும் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டில்தான் இருப்பார்கள். ஆற அமர உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் கிடைக்கிற ஒரே மாதம் அது. குடும்பத்தில் வருஷக்கணக்காகக் கிடப்பில் கிடக்கும் விஷயமெல்லாம் உங்கள் பெட்டி வாசலில் இறங்கிய அன்றைக்கே மேலே வரும். பெட்டியில் என்ன வைக்க வேண்டும் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஊருக்குப் போய் நாலு ரவுண்டு கோல்ஃப் ஆடி, பிள்ளைகளுக்கு மலையைக் காட்டி, குலதெய்வம் கோயிலுக்கும் போய் வரலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம். கோவையில் ஆடுவதானால் செட்டிப்பாளையம் மைதானம். நல்ல 18 குழி மைதானம்தான், ஆனால் ஆடியில் அங்கே காற்றோடுதான் ஆட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று நேராக நம் பக்கம்தான் அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டி சொன்னதை வெட்ஜ் என்ற மட்டையால் உயரமாக அடித்த ஒரு ஷாட் எனக்கு விளக்கமாகக் காட்டியது. குழியைச் சுற்றியுள்ள கிரீனை நோக்கிப் போன பந்து பக்கத்து ஆட்டப் பாதையில், அதாவது ஃபேர்வேயில், விழுந்தது. விடிந்ததும் முதல் ஆளாக ஆடிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் காற்று ஏறிவிடும். பந்தைத் தாழ்வாக அடிக்கப் பழகிக்கொண்டு போனால் நல்லது.

ஊட்டியை ஜூலையில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜிம்கானா கிளப்பின் மைதானம் அழகுதான், ஆனால் தென்மேற்குப் பருவமழை நீலகிரியை நனைக்கிற மாதம் அது. மூடுபனி இறங்கிவிட்டால் அடித்த பந்து எங்கே போனது என்று உங்களுக்கும் தெரியாது, மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வரும் கேடிக்கும் தெரியாது. ஈரப் புல்லில் அட்டையும் இருக்கும். கொடைக்கானல் பரவாயில்லை. அங்கே கனமழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். 1895-இல் தொடங்கிய கிளப் அது. மைதானத்துக்குள் காட்டெருமைகள் சர்வசாதாரணமாக மேயும். அவை நகரும் வரை நின்றுதான் ஆட வேண்டும், அவசரப்படக் கூடாது. குட்டியோடு இருந்தால் அந்தக் குழியையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். ஊட்டி, கொடை இரண்டுமே கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் பந்து நாம் நினைப்பதைவிட அதிக தூரம் போகும். டல்லாஸில் எட்டாம் எண் அயர்ன் மட்டை எடுக்கும் இடத்தில் அங்கே அதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் ஒன்பதே போதும்.

இந்த கிளப்புகள் எல்லாம் உறுப்பினர்களுக்கானவை. வெளியாட்கள் பெரும்பாலும் கிரீன் ஃபீ என்ற ஆட்டக் கட்டணம் கட்டி ஆடலாம், ஆனால் முன்கூட்டியே போனில் பேசி வைக்க வேண்டும். போட்டி நடக்கும் நாளில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலர் வைத்த சட்டை கட்டாயம். இடதுகைக்காரர்கள் சொந்த செட்டைக் கொண்டு போவது நல்லது, வாடகைக்குத் தேடினால் கிடைப்பது கஷ்டம். பந்து கொஞ்சம் அதிகமாகவே கொண்டு போய், திரும்பும்போது கேடிகளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மலைக்குக் காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பஸ்ஸில் போனால் வேண்டியதில்லை. வாடகைக் கார் என்றால் வண்டி எண்ணை முதல் நாளே கேட்டு வாங்கிப் பதிந்துவிடுங்கள். காலையில் வேறு வண்டி அனுப்பினால் மறுபடி பதிய வேண்டும். எங்களுக்கும் பாஸ் எடுத்து வைத்திருந்தோம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகப் போவதாகத் திட்டம். பழனியில் முருகனைப் பார்த்துவிட்டு மலையேறுவது, மறுநாள் விடியற்காலை நானும் பையனும் டீ டைமுக்கு, அதாவது ஆட்டம் தொடங்க எங்களுக்கு ஒதுக்கிய நேரத்துக்கு, நிற்பது என்று எல்லாம் பேசி வைத்திருந்தோம். அந்தப் பாஸ் இன்னும் என் போனில் இருக்கிறது. நாங்கள் போகவில்லை.

ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே அத்தை வந்தார். பலகாரம், விசாரிப்பு எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில், "அம்மிணி, வந்ததும் வந்துட்ட, அண்ணனுக்கு ஒரு கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுப் போயிரு" என்றார். அவர் கேட்டது விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். அப்பா தவறிய பிறகு வீடும் தோப்பும் அவர் பேரிலேயே இருந்தன. உயில் எதுவும் எழுதவில்லை. இரண்டும் அப்பா சம்பாதித்து வாங்கிய சொத்து. அம்மா, அண்ணன், நான் மூன்று பேருக்கும் சம பங்கு. இது யாரும் எனக்கு விட்டுக்கொடுத்த பங்கு இல்லை. அப்பா உயில் எழுதாமல் போனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை மகனோடு ஒரே வரிசையில்தான் வைக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது, நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. அத்தைக்கும் இது தெரியும். அடுத்த வார்த்தையாக, "வெளிநாட்டுக் குடிமக்க தோட்டம் தோப்பு வெச்சிருக்கவே முடியாதாமா? அண்ணன் பேருக்கு மாத்தலைன்னா கவர்மெண்டு எடுத்துக்குமாமா?" என்றார்.

தயவுசெய்து இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். என்னைப் போல வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டு, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும், இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்களும் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. ஆனால் அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்பது வெறும் திண்ணைப் பேச்சு. அந்தப் பேச்சில் யாரும் சொல்லாத பாதி ஒன்று உண்டு. தோப்பில் உங்கள் பங்கை ஒருமுறை விட்டுக் கொடுத்துவிட்டால், பின்னால் அண்ணனே மனமுவந்து திருப்பிக் கொடுத்தாலும் உங்களால் வாங்கிக்கொள்ள முடியாது. வீட்டு விஷயம் அப்படி இல்லை. தென்னைமரம் நிற்கிற மண்ணுக்குப் போடும் கையெழுத்து கடைசிக் கையெழுத்து.

பத்திரத்தின் நகலைக் கேட்டேன். "அங்க போய்ப் படிச்சுக்கலாம்" என்றார் அண்ணன். எப்போது என்று கேட்டதற்கு, ஆடியில் பத்திரம் பதிய மாட்டார்கள், பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குத்தான் நல்லது, டோக்கன் போட்டாயிற்று என்றார். கொடைக்கானலில் எங்களுக்கு டீ டைம் இருந்த அதே நாள். ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி நீங்கள் எந்த ஏற்பாடு செய்வதானாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் நடக்க வேண்டிய அத்தனை பதிவுகளும் அந்த ஒரு நாளில் வந்து குவியும்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தர் கடை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் எதற்காக வந்தார் என்று நகல் என் கைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. விடுதலை செய்து கொடுப்பவர்கள் என்ற இடத்தில் முதல் பெயரே அம்மாவுடையது, இரண்டாவது என்னுடையது. சொத்து விவரத்தில் வீட்டுக்கு அடுத்து தோப்பின் சர்வே எண்ணும் இருந்தது. அண்ணன் என்னிடம் பேசியதெல்லாம் வீட்டைப் பற்றி மட்டும்தான். இரண்டாம் பக்கத்தில், என் பங்குக்கான தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி. ஒரு ரூபாய் வாங்கவில்லை நான். அதற்குக் கீழே, எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுய நினைவுடன், முழு மனதுடன் எழுதிக் கொடுப்பதாக இன்னொரு வரி.

"எல்லாப் பத்திரத்துலயும் இப்படித்தாங்க மேடம் இருக்கும்" என்றார் எழுத்தர். எல்லாப் பத்திரத்திலும் இருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு அது என் வாக்குமூலம். வாங்காத பணத்தை வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு வரிக் கணக்கிலோ வழக்கிலோ அந்தப் பணத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தோப்பை எடுத்துவிட வேண்டும், அம்மா பெயரை எடுத்துவிட வேண்டும், பண வரியையும் எடுத்துவிட வேண்டும், அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்றேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அண்ணிதான் பேசினார். "மாமா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ராத்திரி பூரா உக்காந்திருந்தது யாருங்க? நீங்க வாட்ஸ்அப்புலதான பாத்தீங்க?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கப்போவதும் இல்லை. அப்பாவின் கடைசி நாள்களில் நான் பார்த்தது போன் திரையில் ஒரு தலையணையும் பாதி முகமும். அவருக்கு வாய் துடைத்துவிட்டது அண்ணன். வெளிநாட்டில் இருக்கிற எல்லாரிடமும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். அது சரியாகக் கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் எடுத்து வைக்கப்படும். சொல்வது உண்மை என்பதால்தான் கை தானாகப் பேனாவை நோக்கிப் போகும். அந்தக் கடன் அண்ணனுக்கு நான் நேராகத் தீர்க்க வேண்டிய கடன். அம்மாவின் பங்கைச் சேர்த்து எழுதிக் கொடுத்து அதைத் தீர்க்க எனக்கு உரிமை கிடையாது.

அன்றைக்குப் பதிவு எப்படியும் நடந்திருக்காது என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீளமாக நிற்கிறது. வாரிசுச் சான்றிதழில் இன்ஷியலோடு இருக்கிறேன், அதுவும் வேறு எழுத்துக்கூட்டலில். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒவ்வொருவராக கேமரா முன்னால் நிற்கிறார்கள், கருவியில் கட்டைவிரலை வைக்கிறார்கள், விரல் பதியவில்லை என்றால் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்கள். எத்தனை பெண்கள் அந்த வரிசையில் காகிதத்தைப் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. சாயங்காலம் எல்லாரும் ஒரே காரில்தான் வீடு திரும்பினோம். கொடைக்கானல் கிளப்புக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். பையன் ஷூவைத் துடைத்து வாசலிலேயே வைத்திருந்தான்.

இனிப் போகிறவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிக்கெட் போடும் முன்பே அண்ணனுக்கோ தம்பிக்கோ போன் செய்து, பத்திரம் ஏதாவது எழுதுவதாக உத்தேசமா என்று நேராகக் கேளுங்கள். உண்டு என்றால் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, குடும்பத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். சொத்தின் மேல் என்னென்ன பதிவு ஆகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், பட்டாவையும் பார்க்கலாம். சர்வே எண் எதையெல்லாம் குறிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடமிருந்து வாங்கும்போதே உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போல விழ வேண்டும். செலவு குறைவு என்று சொல்வார்கள். உண்மைதான். 2023 ஜூலையில் மாற்றிய விகிதப்படி குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. கட்டணம் குறைவாக இருப்பது அவசரப்படுவதற்குக் காரணமாகாது.

ஊருக்குப் போன நேரத்திலேயே முடித்தாக வேண்டும் என்பதும் இல்லை. எல்லாரும் ஒத்துப்போன ஒரு பத்திரம் என்றால் இங்கிருந்தே பொது அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். டெக்சாஸ்காரர்களுக்கு ஹூஸ்டன் துணைத் தூதரகம். அங்கே சான்றொப்பம் வாங்கி அனுப்பியதும், அது இந்தியாவில் கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். எந்தச் சொத்து, என்ன காரியம் என்று வரையறுத்தே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான அதிகாரம் யாருக்கும் வேண்டாம்.

அண்ணனுக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான். வீட்டில் என் பங்கை அம்மா காலம் வரை அம்மா அனுபவிக்கட்டும், அதற்குப் பிறகு உனக்கு. தோப்பு மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கட்டும், காய் வருமானம் முழுவதும் நீயே எடுத்துக்கொள். ஆஸ்பத்திரிச் செலவில் என் பாதியை அனுப்புகிறேன், கணக்கைச் சொல். பதில் வர நாளாயிற்று. வந்த பதிலில் ஆஸ்பத்திரி பில்களின் போட்டோ மட்டும் இருந்தது. அன்றைக்கே பணத்தை அனுப்பிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் அவர் பதில் சொல்லும் வரை அடுத்த டிக்கெட்டை ஆடியில் போடுவதாக இல்லை.