பெயின்ட் கான்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைக்கும் முன்

அவர் போன மாதம் முடித்த வீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டு மழைக்காலம் தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்லி, வெளிச்சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி கையில் ஒட்டினால் வேறு ஆள் தேடுவதே நல்லது.

சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசி முடிக்கக் கூடாது. பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவுக் கலவை) எத்தனை கோட், பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) உண்டா, எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) எந்த ரகம், மொத்த சதுர அடியில் ஜன்னல் வாசல் அளவு கழியுமா, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளியின் மூடி சீலை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பது வாளியிலேயே அச்சடித்திருக்கும். அதற்கு மேல் ஊற்றினால் இரண்டு கோட் அடித்தும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். அப்புறம், ஈரம் கசியும் சுவரில் அப்படியே பட்டி பார்க்க விடாதீர்கள், உப்பிக்கொண்டு உதிரும். கடைசித் தொகையை டச்சப் (விட்டுப்போன இடங்களைச் சரிசெய்வது) முடிந்த பிறகு கொடுத்தால் போதும்.