மூடியைக் கழற்றும் முன்: ஊர்ப் பழுதுபார்ப்புக் கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து மேசை போட்டு உட்காருகிறோம். ஓடாத மிக்சி, பாடாத ரேடியோ, எரியாத டார்ச், மெதுவாகிப்போன லேப்டாப் என்று எது வந்தாலும் பார்ப்போம். கூலி வாங்குவதில்லை. பாகம் மாற்றினால் அதன் விலை மட்டும். மற்ற நாள்களில் சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் வந்து சால்டரிங் (ஈயத்தை உருக்கி ஒட்டுவது) பழகுவார்கள், சின்னச் சின்ன சர்க்யூட் செய்து பார்ப்பார்கள்.

வெளிநாட்டில் இந்த மாதிரி இடத்துக்கு ஹேக்கர்ஸ்பேஸ் என்று பெயர். பெர்லினில் 1995-இல் தொடங்கிய சி-பேஸ் இவற்றில் மூத்த ஒன்று. பழுதான பொருளோடு ஆளும் வந்து உட்கார்ந்து, தன்னார்வலர்களோடு சேர்ந்து சரிசெய்யும் ரிப்பேர் கஃபே என்ற முறையை 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா தொடங்கினார். எங்கள் கூடம் இரண்டும் கலந்த ஒன்று.

மாவட்டத்தின் வேறு ஊர்களிலிருந்தும் இப்போது சிலர் வந்து பார்த்துவிட்டு, எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். ஒரு மேசையும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரும் இருந்தால் தொடங்கிவிடலாம். எதைச் செய்யக் கூடாது என்பதைக் கற்கத்தான் எங்களுக்கு நாளானது. அதை இங்கே எழுதுகிறேன்.

பொருளை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவது

நாங்கள் செய்த தவறுகளில் பெரியது இதுதான். மற்ற பல தவறுகள் இதிலிருந்தே வந்தன.

முதல் மாதங்களில் சலவைக் கடை மாதிரி நடத்தினோம். பொருளை வாங்கி, ஒரு சீட்டு ஒட்டி, "அடுத்த ஞாயிறு வாங்கிக்கங்க" என்று அனுப்பிவிடுவோம். அப்படி ஒருநாள் ஒரு பேரன், துண்டில் பொதிந்து தன் பாட்டாவின் பழைய ரேடியோவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். சீட்டில் "பாடவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தது. எங்களோடு இருந்த ஒரு கல்லூரிப் பையன் ஆசையாகத் திறந்தான். உள்ளே சின்னச் சின்னத் தகர டப்பாக்கள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று தலையில் வண்ணம், நடுவில் ஒரு வெட்டு. லூசாகிப்போன ஸ்க்ரூ என்று நினைத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டான்.

அவை ஸ்க்ரூ அல்ல. ஐ.எஃப்.டி. காயில்களின் உள்ளே இருக்கும் ஃபெரைட் கோர். எந்த நிலையத்தைத் திருப்பினாலும் ரேடியோ அதை உள்ளுக்குள் 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைக்கு மாற்றித்தான் பெருக்குகிறது. அந்த அலைவரிசைக்கு ஒத்து நிற்கும்படி தொழிற்சாலையில் ஒவ்வொரு காயிலையும் திருப்பி வைத்திருப்பார்கள். அதைக் கலைத்தால் ரேடியோவுக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் பாட்டாவே வந்தார். விசாரித்தால், அவர் சொன்ன குறை "நூற்றியொன்று வரவில்லை" என்பது. நாகர்கோவில் வானொலி பண்பலையில் 101 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 1984-இல் தொடங்கியபோது நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். ஆனால் பாட்டாவின் ரேடியோவில் இருந்தது மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே. பண்பலை அதில் என்றைக்கும் வராது. அதில் அவர் வருஷக்கணக்கில் இலங்கை வானொலி கேட்டிருக்கிறார். அதாவது, ரேடியோ கெட்டிருக்கவே இல்லை. கெடுத்தது நாங்கள்.

நாகர்கோவிலில் கடை வைத்திருக்கும் ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இரண்டு நாள் இரவில் வந்து உட்கார்ந்தார். மத்திய அலை தூரத்திலிருந்து நன்றாக வருவது இரவில்தான். மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொரு கோரையும் முடி அளவு திருப்பினார். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் அருகே வந்தாலே காயில் ஒத்து நிற்கும் அலைவரிசை மாறிவிடும், அதனால்தான் பிளாஸ்டிக். குரல் மேலே வரும்வரை திருப்பி, இறங்கத் தொடங்கியதும் ஒரு துளி பின்னால். அறையின் எல்.இ.டி. விளக்குகளை அணைக்கச் சொன்னார். மலிவான எல்.இ.டி. விளக்கும் மொபைல் சார்ஜரும் மத்திய அலையில் இரைச்சல் கிளப்பும். அணைத்ததும் பாதி இரைச்சல் போய்விட்டது.

அதற்குப் பிறகு உரிமையாளர் பக்கத்தில் உட்காராமல் எந்தப் பொருளையும் திறப்பதில்லை. முதல் ஐந்து நிமிடம் கருவியைத் தொடுவதும் இல்லை. கேள்வி மட்டும்: எப்போது நின்றது? ஒரேயடியாக நின்றதா, விட்டுவிட்டு வேலை செய்ததா? கருகிய வாடை வந்ததா? வேறு யாராவது திறந்தார்களா? அன்றைக்கு இடி மின்னல் உண்டா?

கடைசிக் கேள்வி நம் மாவட்டத்தில் முக்கியம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் மலைப்பக்கமிருந்து இடியோடு மழை வரும். மறுவாரம் மோடமும் செட்டாப் பாக்ஸும் வரிசையாக வரும். "பிளக்கைக் கழற்றித்தானே வைத்தேன்" என்பார்கள். கேபிள் வயரைக் கழற்றியிருக்க மாட்டார்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இதை அங்கேயே சொல்லிவிடலாம். சீட்டு ஒட்டிய பொருளை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்குச் சொல்வது?

நேராகக் கரண்டில் சொருகிப் பார்ப்பது

"ஓடுகிறதா பார்ப்போம்" என்று எடுத்தவுடன் சொருகுவது எல்லோருக்கும் வரும் ஆசை. பத்து வருஷம் பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபயரை அப்படிச் சொருகினால், காய்ந்துபோன கண்டென்சர் வெடிக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம்.

எங்கள் மேசையில் ஒரு சீரீஸ் லாம்ப் பலகை இருக்கிறது. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, பொருளுக்குப் போகும் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகவே போகும்படி இணைத்தது. சொருகியதும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பெரும்பாலும் பயமில்லை. எரியவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கலாம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள குண்டு பல்புதான் வேண்டும். மிக்சி, இஸ்திரிப் பெட்டி போன்று நிறைய மின்சாரம் இழுப்பவற்றில் நல்ல நிலையிலும் பல்பு எரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளக்கைக் கழற்றிவிட்டோம், இனி பயமில்லை என்று நினைப்பது அடுத்த தவறு. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைச் சார்ஜர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை போன்றவை உள்ளே டி.சி.யாக மாற்றும்போது பெரிய கண்டென்சரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்குவதைப் பலர் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் அதைச் செய்யவே கூடாது. ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மல்டிமீட்டரில் அளந்து பார்த்த பிறகு கை வைக்க வேண்டும்.

இரண்டு பொருள்களை எங்கள் கூடத்தில் திறப்பதே இல்லை. ஒன்று மைக்ரோவேவ் ஓவன், மற்றது படக்குழாய் டிவி. ஓவனின் கண்டென்சரில் ஆயிரக்கணக்கான வோல்ட், கலர் டிவியின் குழாயில் 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் தன் கடையில் செய்யும் வேலை அது, கூட்டத்தின் நடுவில் செய்யும் வேலையல்ல. வீங்கிய மொபைல் பேட்டரியையும் நெம்பவோ குத்தவோ கூடாது. எடுத்துத் தனியாக மணல் வாளியில் வைத்துவிடுகிறோம்.

மழை நாளில் ஈரக் குடையும் ஈரக் காலுமாக ஆட்கள் வருவார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் மேசைக்கு ஏற்றிவிடுங்கள். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாத அறையில் நடத்தாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். "ஓடவில்லை" என்று வரும் மிக்சியைத் திறப்பதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு பொத்தான் இருக்கும், பல மிக்சிகளில் சிவப்பு. அதிகச் சுமையில் அது தட்டிவிடும். அழுத்தினால் ஓடிவிடும். மாவரைக்கும் நேரத்தில் நின்றது என்று சொன்னால் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

உப்பை மறந்துவிடுவது

கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பொருளை உள்நாட்டுப் பொருளைப் போலப் பார்க்கக் கூடாது. குளச்சல், முட்டம் பக்கத்து டார்ச், ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாவற்றிலும் உப்புக்காற்று ஏறியிருக்கும். போர்டில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். களிம்பின் மேலேயே ஈயம் வைத்தால் ஒட்டிய மாதிரி தெரியும், ஒட்டியிருக்காது. செம்பு மினுங்கும்வரை சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவ வேண்டும்.

கடல்நீரில் விழுந்ததை வெயிலில் காயவைத்து ஆன் செய்வதும், அரிசிப் பானைக்குள் போடுவதும் வழக்கமாக நடக்கிறது. தண்ணீர் காயும், உப்பு காயாது. அது ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளேயே தின்னும். விழுந்தவுடன் பேட்டரியைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் போர்டை அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு விநோதமாக இருக்கும்: உப்புத் தண்ணீரில் விழுந்ததை நல்ல தண்ணீரில் மறுபடி நனைக்கத்தான் வேண்டும்.

கடலுக்குக் கொண்டுபோகும் வயர்லெஸை நாங்கள் சரிசெய்து பார்ப்போம், ஆனால் "இனி நம்பிக் கொண்டுபோகலாம்" என்று சொல்ல மாட்டோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களை இந்த மாவட்டம் மறக்காது. உயிர் தொங்கும் கருவியை முறையான சர்வீஸில் சோதித்துத்தான் வாங்க வேண்டும். அதே ஒக்கியில் கரையிலும் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. செல் போட்டு ஓடும் ஒரு ரேடியோ எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் அந்த நாள்களைத்தான் சொல்வேன்.

கடை வைத்திருப்பவரை எதிராளியாக்குவது

இலவசமாகச் செய்கிறோம் என்று விளம்பரம் செய்தால், மார்த்தாண்டத்திலும் வடசேரியிலும் இந்தத் தொழிலை நம்பி இருப்பவர் என்ன நினைப்பார்? முதலில் நாங்கள் அதை யோசிக்கவில்லை. ரேடியோ அண்ணாச்சி வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது கடையில் எளிதாகச் சரியாகும் வேலையைக் கடைக்கே அனுப்புகிறோம். "இதுக்கு பார்ட்ஸ் கிடைக்காது, புதுசு வாங்குங்க" என்று கைவிடப்பட்ட பொருளைத்தான் முதலில் எடுக்கிறோம். கண்டென்சரும் கார்பன் பிரஷ்ஷும் உள்ளூர்க் கடையில்தான் வாங்குகிறோம். கற்றுக்கொடுக்க வரும் மெக்கானிக்குக்கு பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுக்கிறோம். அவர் கையில் இருப்பது நாற்பது வருஷப் படிப்பு. அதைச் சும்மா கேட்பது சரியல்ல.

கூட்டத்தை விழாவாக்குவது

பள்ளியில் நிகழ்ச்சி என்றால் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை என்று ஒரு மணி நேரம் போய்விடும். மீதி அரை மணியில் திரையில் படம் காட்டிப் பேசினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் நிற்காது. மூன்று பேருக்கு ஒரு பழைய ரேடியோவும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொடுங்கள். பேச்சு பத்து நிமிடம் போதும். பெண் பிள்ளைகளைப் பெயர் எழுதும் மேசையிலும் சாயா கொடுக்கும் இடத்திலும் நிறுத்திவிட்டுப் பையன்கள் கையில் சால்டரிங் அயர்னைக் கொடுப்பது, யாரும் திட்டமிடாமலேயே நடந்துவிடும். நாம்தான் கவனித்து மாற்ற வேண்டும்.

அழைப்பில் "ஹேக்கர்" என்று எழுதாதீர்கள். வங்கிக் கணக்கைத் திருடுகிறவன் என்றே நம் ஊரில் அதற்குப் பொருள். "பழுது பார்க்கும் கூட்டம்" என்றால் அம்மாமாருக்கும் புரியும். போஸ்டரைவிடப் பங்குக் கோயில் அறிவிப்பும் மகளிர் குழுவும் அதிகம் பேரைக் கொண்டுவரும்.

ஞாயிறு காலையில் வைப்பதும் தவறு. பூசை, ஆராதனை முடிந்து ஆட்கள் வர மதியமாகும். கடற்கரை ஊர்களில் ஞாயிறு பெரும்பாலும் தொழிலுக்குப் போவதில்லை, ஆனால் அவர்களும் மதியத்துக்குமேல்தான் வருவார்கள். மாசிக் கொடைத் திருவிழா நாள்களிலும் டிசம்பர் 3-ஐ ஒட்டிய கோட்டாறு சவேரியார் திருவிழாவிலும் வைத்தால் நாமும் மேசையும் மட்டும் இருப்போம்.

சேர்த்து வைப்பது

"பார்ட்ஸுக்கு உதவும்" என்று சொல்லி ஆட்கள் பழைய டிவி, யு.பி.எஸ். எல்லாவற்றையும் விட்டுப்போவார்கள். ஆறு மாதத்தில் அறை குடோனாகும். பிறகு பழைய இரும்புக்காரர் வருவார், வயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள், புகை ஊருக்கு. மின்னணுக் கழிவுக்கு 2022-இல் வந்த விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போக வேண்டிய பொருள் அது. நாங்கள் ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம்: கொண்டுவந்தவரே திரும்ப எடுத்துப் போக வேண்டும்.

லேப்டாப்பில் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் நல்ல இயந்திரங்கள் பல வருகின்றன. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்.எஸ்.டி. மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். ஆனால் கல்யாணப் படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, வேறு டிஸ்கில் நகலெடுத்து, அவர் கண்ணாலேயே திறந்து பார்த்த பிறகே அழியுங்கள். தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொடுக்க மறக்காதீர்கள்.

எல்லாமும் சரியாகாது. சரியாகாததைத் திரும்பக் கொடுக்கும்போது ஸ்க்ரூக்களைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்துவிடுவது ஒரு வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் அதன் துளையில் போட்டு மூடி, தூசி துடைத்து, என்ன பார்த்தோம், எது போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அடுத்து அதைத் திறக்கப்போகிற மெக்கானிக்குக்கு அந்தத் தாள் வேண்டும்.