மலைப்பனியில் படமெடுக்கிறீர்களா? ஒயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள்

கொடைக்கானலில் குறும்படம் எடுக்கப் போகும் மாணவர்கள் முதலில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்வதை, அணைத்துப் பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வினில் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்துக்கான அளவு) நிறுத்துங்கள். எக்ஸ்போஷரும் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) மேனுவலிலேயே இருக்கட்டும். கோக்கர்ஸ் வாக் என்ற மலையோர நடைபாதைப் பக்கம் மூடுபனி சட்டென்று வரும், சட்டென்று விலகும். ஆட்டோவில் விட்டால் ஒரே ஷாட்டுக்குள் நடிகரின் முகம் நீலமாகி, அப்புறம் மஞ்சளாகும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. பூட்டி வைத்தால், நிறம் தவறினாலும் எல்லா ஷாட்டிலும் ஒரே மாதிரி தவறும், மொத்தமாகத் திருத்திவிடலாம்.

வெள்ளையான மூடுபனியை, வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும். வைட் ஷாட்டில் அது காட்டுவதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூட்டுங்கள். முகம் நிறைந்த குளோசப்பில் இது வேண்டாம், தோல் வெளிறிவிடும். குண்டு பல்பு எரியும் டீக்கடைக்குள் 5600 பொருந்தாது, அங்கே 3200 வையுங்கள்.