வீட்டில் பதிந்த சொந்தப் பாட்டு கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது எப்படி

சொந்தமாக மெட்டுக் கட்டி வீட்டிலேயே பதிந்து வந்தவர்களிடம் சரக்கு பல வடிவங்களில் கிடக்கும். 80, 90களின் கேசட்டுகள், 2000க்குப் பிறகு எரித்த சிடி-ஆர்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கில் ப்ராஜெக்ட் ஃபைல்கள், போனில் முணுமுணுத்த மெட்டுகள். கடையில் வாங்கிய கேசட் வீணானால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். இவற்றுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான்.

முதலில் கைவைக்க வேண்டியது கேசட் அல்ல, சிடி-ஆர். கேசட் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும், பாட்டு கேட்கும்படியாவது மிஞ்சும். சிடி-ஆரில் சாயப்படலம் கெட்டால் ஒருநாள் டிரைவ் அதை அடையாளமே காணாது. மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். ஒரு டிரைவ் படிக்காத சிடியை இன்னொன்று படிக்கலாம் என்பதால் இரண்டு, மூன்று டிரைவ்களில் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிடுங்கள்.

கேசட்டில் முதல் வேலை எழுதத் தடுக்கும் தாழை, அதாவது மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை, உடைத்துவிடுவது. ரெக்கார்ட் பட்டனில் கை தவறிப் பட்டாலும் பாட்டு அழியாது. பிறகு உள்ளே பாருங்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் இது சகஜம். அதை அப்படியே டெக்கில் (கேசட் ஓட்டும் மெஷின்) போட்டால் ஹெட்டிலும் (டேப்பைத் தொட்டுப் படிக்கும் பகுதி) அடுத்த கேசட்டிலும் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துத் துடைத்த பிறகே டெக்குக்குக் கொண்டுபோங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கி, விட்டுவிட்டுக் கேட்கும். திருகாணி வைத்த வெற்று கேசட் ஒன்றைத் திறந்து டேப்பை அதற்குள் மாற்றிவிடுவது, பசை போட்டு ஒட்டுவதைவிட நல்லது. நல்ல நிலையில் உள்ள டேப்பைப் பதியும் முன் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், இறுக்கம் சீராகும். சி-120 (இரண்டு மணி நேர கேசட்) மட்டும் விதிவிலக்கு. அதன் டேப் மிக மெல்லியது, வேகமாகச் சுற்றினால் நீளும் அல்லது சிக்கும்.

டெக்கின் ஹெட்டையும் டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பியையும் பஞ்சுக்குச்சியில் தொட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை துடையுங்கள். டேப்பை அந்தக் கம்பியோடு அழுத்தும் ரப்பர் பிஞ்ச் ரோலருக்கு லேசான சோப்புத் தண்ணீர் போதும். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், பிறகு டேப்பை உள்ளே இழுத்து மெல்லும்.

பலரும் தாண்டிப்போவது ஹெட்டின் சாய்வு. வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிந்த டேப், அந்த மெஷினின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அந்தக் கோணத்திலேயே பதிந்திருக்கும். உங்கள் டெக் தரமானதாக இருந்தாலும் கோணம் ஒத்துப்போகாவிட்டால் குரலில் ‘ஸ’வும் ‘ச’வும் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். ஹெட்டின் பக்கத்தில், பெரும்பாலும் ஸ்ப்ரிங் வைத்தோ பெயின்ட் சொட்டு வைத்தோ ஒரு சின்னத் திருகாணி தெரியும். அது இப்போது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு சேனலையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டபடியே கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகுங்கள். ஜால்ராவோ சிம்பலோ எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். பின்னால் மென்பொருளில் ட்ரெபிளைக் கூட்டுவது இதற்கு ஈடாகாது, இரைச்சல்தான் கூடும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) லைன் இன்னுக்கு இணையுங்கள். ஹெட்போன் துளை வேண்டாம். கேசட்டைப் போட்டால் நேரே கணினிக்குப் போகும் மலிவான யுஎஸ்பி பிளேயரும் வேண்டாம், அவற்றின் மோட்டார் ஆட்டம் பாட்டிலும் ஏறும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) போதும், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும். ‘ம்ம்ம்’ என்ற ஹம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) போட்டுப் பதிந்த டேப்தானா என்று உறுதியில்லாவிட்டால் டால்பியை அணைத்தே பதியுங்கள். தேவையென்றால் பின்னால் சேர்க்கலாம், தவறாகப் போட்டுப் பதிந்ததை மீட்பது கடினம்.

சுருதி சரிதானா?

பாட்டு உங்கள் நினைவில் இருப்பதைவிட அரைக்கட்டை ஏறியோ இறங்கியோ ஒலித்தால் வேகம் பிசகியிருக்கிறது. ஆறு சதவீத வேக வித்தியாசமே அரைக்கட்டைக்குச் சமம். டேப்பில் பதிந்துவிட்ட 50 ஹெர்ட்ஸ் மின்சார ஹம்மை அளந்து வேகத்தைத் திருத்தலாம் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும். 90களின் தமிழ்நாட்டுப் பதிவுக்கு அதை நம்ப வேண்டாம், அன்றைய மின்சாரமே 50இல் நிலையாக நிற்கவில்லை. நம்பத் தகுந்தது பாட்டில் ஒலிக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டு. ட்யூனிங்கை யாரும் மாற்றியிராவிட்டால் அதன் ‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸ். ட்யூனரில் 427 காட்டினால் 440ஐ 427ஆல் வகுத்து, 3.04 சதவீதம் வேகம் கூட்டுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் எஃபெக்ட்தான் தேவை. சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்ட் பாட்டின் நீளத்தைத் திருத்தாது. ஆர்மோனியத்தை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். பேட்டரியில் ஓடிய மெஷின் என்றால் பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.

இரண்டு டெக்கை வைத்து, ஒன்றில் ஓடும் இசைக்கு மேல் பாடி மற்றதில் பதிந்த பாட்டுகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரைச்சல் ஏறியிருக்கும். ஆகவே கீபோர்டு மட்டும் இருக்கும் முதல் கேசட்டைத் தேடுங்கள். இது ரிகர்சல்தானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னணி இசையின் சுத்தமான பிரதி அதுதான்.

நான்கு டிராக் டேப் என்றால்

டாஸ்காமின் போர்ட்டாஸ்டூடியோ 144 வந்தது 1979இல். ஒரே கேசட்டில் நான்கு தனித்தனி டிராக்குகளாகப் பதியும் இவ்வகை மெஷின்கள் நான்கையும் ஒரே திசையில் பதியும். சாதாரண டெக்கில் ஒரு பக்கம் ஒழுங்காகப் பாடும், மறுபக்கம் பின்னோக்கி ஓடும். கூடவே பாட்டு ஒரு ஸ்தாயி இறங்கி இழுத்தால், 144 போல இரட்டை வேகத்தில், விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர் கணக்கில், பதிந்தது என்று பொருள். அதே வகை மெஷின் இரவல் கிடைத்தால் அதுவே சிறந்தது, பதியும்போது போட்ட இரைச்சல் நீக்கமும் அதிலேயே இருக்கும். கிடைக்காவிட்டால் இரு பக்கத்தையும் 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, இரண்டாம் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். அதில் இடது சேனல் நான்காம் டிராக், வலது மூன்றாம் டிராக். பிறகு இரண்டு பக்கத்தையும் இருமடங்கு வேகமாக்கி, முதல் தாளத் தட்டை வைத்துப் பொருத்துங்கள். அரை நிமிடத்தில் விலக ஆரம்பிக்கும். பல்லவி, சரணம் எனத் துண்டுபோட்டு மீண்டும் பொருத்துவதைத் தவிர வழியில்லை. ஆழமான பேஸ் கொஞ்சம் போய்விடும், பாதி வேகத்தில் அது டெக்கின் எல்லைக்குக் கீழே இறங்கிவிடுவதால்.

கணினி ப்ராஜெக்டுகளை அவை திறக்கும் நாளிலேயே டிராக் டிராக்காக வேவ் எடுத்துவிடுங்கள். எல்லாம் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஒன்றோடொன்று சேராது. மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2019இல் வந்த கேட்டலினா முதல் 32 பிட் நிரல்கள் ஓடாது. பழைய ப்ளக்-இன் (பாட்டு மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை நிரல்) எதுவும் வராமல் ப்ராஜெக்ட் வெறும் கட்டங்களாகத் திறக்கும்.

டேப்பிலிருந்து வந்த முதல் வேவைத் தொடாமல் வையுங்கள். இரைச்சல் நீக்கம், ஈக்யூ எல்லாம் அதன் நகலில்தான். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு வீட்டில். ஃபைல் பெயரில் ஆண்டு, கேசட் எண், பக்கம், பாட்டின் முதல் வரி இருக்கட்டும், உறையில் எழுதியிருப்பதைப் படமெடுத்துக் கூடவே போட்டுவையுங்கள். பாடல் வரிகளைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் இன்றைய கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அழித்துவிடாதீர்கள். இடையிடையே அரைப்புள்ளி நிறைய வந்தால் பெரும்பாலும் அது பாமினி எழுத்துரு. மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, பாட்டு இருக்கும் ஃபோல்டரிலேயே சேருங்கள்.