முக்காமல் மலம் கழிக்க: வெஸ்டர்ன் டாய்லெட்டில் எப்படி உட்கார வேண்டும்?

நாள்பட்ட மலச்சிக்கலில் எனக்குக் கைகொடுத்தது காலுக்கடியில் போட்ட ஒரு ஸ்டூல்தான். நார்ச்சத்து, தண்ணீர் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். உட்காரும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

மலக்குடலின் அடிப்பகுதியை ஒரு தசை பின்னாலிருந்து சுற்றி முன்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. மலம் தானாக வெளியேறாமல் காப்பது அந்த வளைவு. நாற்காலியில் போல உட்கார்ந்தால் அது முழுசாக நிமிராது. குந்தினால் நன்றாக நிமிரும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், மலச்சிக்கல் இல்லாத 28 பேருக்குக் குந்தியபோது சராசரியாக 51 விநாடியும், வழக்கமான உயர டாய்லெட்டில் 130 விநாடியும் ஆனது.

படி 1: முழங்கால் இடுப்பைவிட உயரும்படி ஸ்டூல் போடுங்கள். பெரும்பாலும் 7 அங்குலம் போதும். டாய்லெட் உயரமென்றால் 9. மடக்கு ஸ்டூல் வேண்டவே வேண்டாம், ஆடும். அகலமான, வழுக்காத ஸ்டூல்தான் நல்லது.

படி 2: பாதம் முழுக்கப் பதியட்டும். கால்களைக் கொஞ்சம் அகட்டி, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் சாயுங்கள்.

படி 3: மூச்சு. நான் வெகுநாள் தடுமாறிய இடம் இது. ஸ்டூல் போட்டும் பலனில்லை என்பவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மூச்சை அடக்கி முக்கினால், தளர வேண்டிய அந்தத் தசை சிலருக்கு இன்னும் இறுகிவிடும். அடிவயிற்றில் கை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு கையைத் தள்ள வேண்டும். அந்த உப்பலை விடாமல், வாயை லேசாகத் திறந்து மெதுவாக மூச்சை விடுங்கள். ஆசனவாய் தானாகத் தளர்வது தெரியும். தெரியவில்லையா? அழுத்தாதீர்கள், இன்னொரு மூச்சு எடுங்கள்.

படி 4: சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போங்கள், உணவு இரைப்பைக்குள் இறங்கியதும் பெருங்குடலும் அசையத் தொடங்கும். 10 நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். போன் வெளியிலேயே இருக்கட்டும், நெடுநேரம் உட்கார்ந்தால் மூலம் வரலாம்.

சில வாரம் முயன்றும் மாற்றமில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சி இருக்கிறது. ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ காத்திருக்கவே கூடாது.

பின்சேர்க்கை: முழங்கால் வலி உள்ளவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். வலிக்காத அளவுக்குத் தாழ்வான ஸ்டூல் போட்டு, முன்னால் சாய்வதை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இதில் எதையும் செய்ய வேண்டாம்.