விமானத் தகட்டு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் பட்டறையின் மாடியில், மாலை நேரங்களில், ஐ.டி.ஐ. முடித்த சில பிள்ளைகளுக்கு விமானத் தகட்டு வேலையின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் பலர் தொழில் தெரிந்தவர்கள். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்த்தவர்களும், வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் ஃபேப்ரிகேஷன் கடைகளில் கேட்டும் கிரில்லும் செய்து கை தேறியவர்களும் இருக்கிறார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒரு தம்பி, நான் கொடுத்த அலுமினியத் தகட்டில் மடிப்புக் கோடு போட்டுக்கொண்டு வந்து நீட்டினான். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே நேர்த்தியோடு, அந்தத் தகட்டில் இருந்தது. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் துளையிடுவது, மழுங்கிய டிரில் பிட்டை அழுத்தி ஓட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை எந்தப் பட்டறையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்துவிடும்.

ஸ்கிரைபரால் கோடு கீறுவது

நம் பக்கத்துப் பட்டறைகளில் ஃபிட்டர் ஒருவன் முதலில் பழகும் கருவிகளில், உலோகத்தில் கோடு கீறும் கூர்முனை ஊசியான ஸ்கிரைபரும் ஒன்று. இரும்புத் தகட்டில் மார்க்கிங் புளூ என்ற நீலச் சாயத்தைத் தடவி, ஸ்கிரைபரால் ஒரே இழுப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு போடத் தெரிந்தவனைத்தான் நல்ல கைக்காரன் என்பார்கள். இரும்பு கேட்டுக்கு அது சரியான பழக்கம். விமானத் தகட்டில் அதே பழக்கம் விரிசலுக்கு விதை போடுகிறது.

விமானத்தின் மேல்தோலுக்கும், அதை உள்ளிருந்து தாங்கும் சட்டங்களான ரிப்களுக்கும் பரவலாகப் பயன்படுவது, 2024 என்ற எண்ணால் அறியப்படும் அலுமினியக் கலவை. அதில் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று மேல் செம்பு கலந்திருக்கிறது. வலிமை அந்தச் செம்பால் வருகிறது. உப்புக் காற்றில் எளிதாக அரிக்கப்படும் குணமும் அதனாலேயே வருகிறது. ஆகவே தகட்டின் இரண்டு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாகச் சேர்த்து உருட்டியிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் அந்தப் படலம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்குள். பழகிய கை இழுக்கும் ஸ்கிரைபர் கோடு அந்தப் படலத்தைக் கிழித்து உள்ளே இறங்கிவிடும்.

அரிப்பைவிடப் பெரிய ஆபத்து உலோகச் சோர்வு. விமானம் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் வெளியே இருப்பதைவிட உள்ளே காற்றழுத்தம் கூடுதலாகி உடல் விரிகிறது. இறங்கும்போது பழைய நிலைக்குச் சுருங்குகிறது. கீறல் இல்லாத தகட்டில் அந்த இழுவிசை பரவலாகப் பகிர்ந்துகொள்ளப்படும். கீறல் இருந்தால், அதன் கூர்மையான அடிமுனையில் விசை பல மடங்காகக் குவியும். விரிசல் அங்கே தொடங்கி, ஒவ்வொரு பறப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும். கேட்டில் தேவைக்கு மேல் இரும்பு இருப்பதால் கீறலை அது தாங்கிக்கொள்ளும். விமானத்தில் எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமைக்கு ஒன்றரை மடங்கு தாங்கும்படிதான் வடிவமைப்பார்கள். அதற்கு மேல் எடையைச் சேர்க்க வழியில்லை.

என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் சேர்ந்திருந்த பட்டறையில் பதினான்கு ரிப்களுக்குத் தகடு வெட்டி மடிக்கும் வேலை எனக்கு வந்தது. மூன்று நாள் உழைத்தேன். மடிப்புக் கோடு ஒவ்வொன்றையும் ஸ்கிரைபரால், மயிரிழை பிசகாமல் போட்டிருந்தேன். சோதனை அதிகாரி முதல் துண்டைக் கையில் எடுத்தார். அளவு எதுவும் பார்க்கவில்லை. மடிப்பின் வெளிப்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தைக் குறுக்காக ஓட்டினார். நகம் "டிக்" என்று ஓரிடத்தில் தட்டி நின்றது. பதினான்கு துண்டுகளிலும் அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு, பதினான்கிலும் நிராகரிப்பைக் குறிக்கும் சிவப்புச் சீட்டைக் கட்டினார்.

அவர் என்னைத் திட்டவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மடிக்கும்போது தகட்டின் வெளிப்பக்கம் இழுபட்டு நீளுமல்லவா, அந்த இழுப்பில் என் கோடு வாய் பிளந்திருந்தது. பிறகு அதிலிருந்து ஒரு துண்டையும், கோடில்லாத ஒரு துண்டையும் வைஸில் மாட்டி முன்னும் பின்னும் வளைத்துக் காட்டினார். என் துண்டு வெகு சீக்கிரம், கோட்டின் மேலேயே, ரம்பத்தால் அறுத்ததுபோல முறிந்தது. விமானத் தகடு கடையில் கிலோ கணக்கில் வாங்கும் சரக்கு அல்ல. எந்த வார்ப்புத் தொகுதியில் வந்தது என்ற சான்றிதழோடு வருவது, விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும். அத்தனையும் பழைய அலுமினியக் குவியலுக்குப் போயிற்று.

எனக்கு இன்றும் ஆறாதது அந்த நஷ்டம் அல்ல. மூன்று நாளும் என் பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் நான் கீறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்; ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானாகப் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். விமான வேலையில் அப்படி ஒருவனைப் படவிடக் கூடாது. சோதனையில் அகப்படாமல் ஒரு துண்டு தப்பிப் போனால், அதன் மேல் பறப்பவர்கள்தான் படுவார்கள்.

சென்ற வாரம் அந்தத் தம்பி என்னிடம் சொன்னான்: "கோடு அழிஞ்சிடக் கூடாதுன்னுதாண்ணே கொஞ்சம் ஆழமா போட்டேன்." இந்த வேலையில் கோடு அழியத்தான் வேண்டும். மடிப்புக் கோட்டையும் துளை வரிசையையும் மெல்லிய முனையுள்ள மார்க்கர் பேனாவால் போட்டு, வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். வெட்டி எறியப்படும் ஓரத்தைக் குறிக்க மட்டும் ஸ்கிரைபரை எடுக்கலாம், ஏனென்றால் கோடு கழிவோடு போய்விடும். துளையின் மையத்தைத் தட்டிக் குறிக்கும் சென்டர் பஞ்ச்சுக்கும் இதே விதி. துளை விழும் இடத்தில் லேசாகத் தட்டினால், அந்தத் தடத்தை டிரில் எடுத்துக்கொண்டு போய்விடும். துளைக்கு வெளியே ஒரு தட்டுகூட விழக் கூடாது.

பென்சில்

கிராஃபைட் பென்சிலால் அலுமினியத்தில் எழுதாதீர்கள், அது அரிக்கும்.

துளையின் பிசிறு

துளையிட்டதும் இரண்டு பக்கமும் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை எடுக்காமல், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணியை அடிப்பவர்கள், ரிவெட்டின் தலை எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நம்புகிறார்கள். தலைக்கு அடியிலும் துளையின் விளிம்பு துளையின் விளிம்புதான்; பிசிறு இருந்தால், கீறலில் போலவே விரிசல் அங்கே தொடங்கலாம். 1954இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் வானில் சிதறின. அதன்பின், அதே வகை விமானம் ஒன்றின் உடலை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். முன்பே பறந்தவற்றையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் அது பிளந்தது. உடலில் வெட்டியிருந்த திறப்பு ஒன்றின் ஓரத்துத் துளை அருகேதான் பிளவு தொடங்கியிருந்தது. பிசிறு எடுக்க ஒரு துளைக்குச் சில விநாடிகள் போதும். அதே நேரம் பள்ளம் விழும் அளவுக்குச் சுரண்டிவிடவும் கூடாது.

ரிவெட்டைக் காத்திருக்க வைப்பது

1906இல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் ஒரு விந்தையைக் கண்டார். செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் குளிரவைத்தால், உடனே மென்மையாக இருக்கும் அது, சும்மா கிடக்கும் நாட்களில் தானாகக் கடினமாகிக்கொண்டே போயிற்று. டியூராலுமின் பிறந்தது அப்படித்தான். 1919இல் பறந்த யுங்கர்ஸ் எஃப் 13 அதைக் கொண்டே முழு உலோக விமானமாகக் கட்டப்பட்டது.

2024 கலவையில் செய்த ரிவெட்களுக்கும் அதே குணம் உண்டு. அவற்றைச் சூடாக்கிக் குளிரவைத்த பின் ஃப்ரீசரில் வைத்திருந்து, வெளியே எடுத்த பத்து முதல் இருபது நிமிடங்களுக்குள் அடித்து முடிக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், அரை மணிக்குத் தேவையானதைக் கை நிறைய அள்ளி மேசையில் வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் எடுக்கும் ரிவெட் இறுகிப்போய், அடிக்கும்போது தலை ஓரம் வெடிக்கிறது. மீந்ததைத் திரும்ப ஃப்ரீசரில் போட்டுப் புதியவற்றோடு கலப்பது இன்னும் மோசம். அவற்றைத் தனியே எடுத்து வைத்து, மறுபடி சூடாக்கிக் குளிரவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஓரத்துக்கு நெருங்கித் துளையிடுவது

துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட்டின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும்.

சிராய்ப்பின் மேல் ஒட்டுத் தகடு போடுவது

1980 பிப்ரவரியில் சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று ஹாங்காங்கில் இறங்கும்போது வால்பகுதி ஓடுதளத்தில் உரசியது. உரசிய தோலை முறைப்படி வெட்டி எடுக்காமல், சிராய்ப்புகள் இருந்தபடியே அவற்றின் மேல் ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். விரிசல்கள் அந்த ஒட்டின் அடியில், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல், 22 ஆண்டுகள் வளர்ந்தன. 2002 மே 25 அன்று தைபேயிலிருந்து ஹாங்காங் போகும் வழியில் அந்த விமானம் வானிலேயே உடைந்து, அதிலிருந்த 225 பேரும் இறந்தார்கள்.

உங்கள் தகட்டில் கீறல் விழுந்துவிட்டால் பெயின்ட்டையோ ஒட்டையோ தேடாதீர்கள். முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள். கீறலின் ஆழத்தை அளந்து, அந்தப் பாகத்துக்கான பழுதுபார்ப்புக் கையேடு அனுமதிக்கும் வரம்போடு ஒப்பிட வேண்டும். வரம்புக்குள் இருந்தால், கூர்மை போகும்வரை நயமாகத் தேய்த்து, மீதமுள்ள தடிமனை மறுபடி அளக்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். அந்தத் தம்பியின் தகட்டிலும் இதைச் செய்து பார்த்தோம். ஆழம் வரம்பைத் தாண்டியிருந்தது. அவனே சிவப்புச் சீட்டை எழுதிக் கட்டினான். புதுத் தகடும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பிப் போனான்.